இங்கே கூட்டணி கட்டுவது வாக்காளர்தான்

கேள்வி: அக்கா, நான் நாகர்கோவில் பக்கத்துப் பெண். லெஸ்டரில் நர்ஸாக இருக்கிறேன், ஹெல்த் அண்ட் கேர் விசாவில் வந்தவள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தது. தவறி வந்திருக்கும் என்று நினைத்தேன். வார்டில் கூட வேலை பார்க்கும் சேச்சி, "நமக்கும் ஓட்டு உண்டு மோளே" என்கிறார். வீட்டுக்காரர், "விசாவில் இருக்கும்போது நமக்கு எதற்கு வம்பு" என்கிறார். சபையில் ஓர் அண்ணன் லேபர் தவிர யாருக்கும் போடக் கூடாது என்கிறார். பக்கத்துக் கடைக்கார குஜராத்தி டோரிக்காரர், அதாவது கன்சர்வேடிவ் கட்சி. என்னோடு வேலை பார்க்கும், நன்றாகப் பழகும் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் ஓட்டு, குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சிக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. இந்த ஊர்க்காரர்கள் எதை வைத்துத்தான் ஒரு கட்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? நான் எதை வைத்து முடிவெடுப்பது? நீங்கள் யாருக்குப் போடுவீர்கள் என்றாவது சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: யாருக்குப் போடுவேன் என்று சொல்ல மாட்டேன். கல்லூரி மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு அரசியல் பாடம் நடத்துகிறவள் நான். வருடா வருடம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார், அவர்களிடமும் சொன்னதில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லை. என் தொகுதி வேறு, உங்கள் தொகுதி வேறு, அவ்வளவுதான். இந்த நாட்டில் ஒரே மாதிரி நினைக்கிற இரண்டு பேர், பத்து மைல் தள்ளிக் குடியிருந்தால், வேறு வேறு கட்சிக்கு ஓட்டுப் போடுவது சர்வ சாதாரணம். அது ஏன் என்பது பிடிபட்டுவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

அதற்கு முன்னால் வீட்டுக்காரரின் 'வம்பு'. கடிதம் தவறி வரவில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், இங்கே தங்க முறையான அனுமதி இருந்தால், நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். இந்தியா, இலங்கை, நைஜீரியா என்று எல்லாருக்கும் பொருந்தும். வேடிக்கை என்னவென்றால் உங்கள் வார்டில் ஒரு பிரெஞ்சு டாக்டரோ ஸ்பானிஷ் நர்ஸோ இருந்தால், இருபது வருடமாக இங்கேயே இருந்தாலும், குடியுரிமை வாங்காதவரை அவர்களுக்கு அந்த ஓட்டு கிடையாது, உங்களுக்கு உண்டு. ஓட்டுப் போட்டதால் விசாவுக்கு ஒரு பாதிப்பும் வராது. உண்மையில் கவுன்சில் கேட்டும் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால்தான் 80 பவுண்ட் அபராதம் போட அதிகாரம் இருக்கிறது. நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போதும் பட்டியலில் பெயர் இருந்தால் முகவரியைச் சரிபார்க்க எளிது. இந்த விஷயத்தை வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், அரசியலைவிட இது வேகமாக வேலை செய்யும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தேர்தல் முறை உங்களுக்குப் புதிதே இல்லை. நாடு முழுக்க 650 தொகுதி, ஒவ்வொன்றிலும் யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவர் எம்.பி., பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் ஊரில் நடப்பதும் இதே முறைதான், வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தேர்தலுக்கு முன்பே கட்சிகள் உட்கார்ந்து பேசி, தொகுதிப் பங்கீடு முடித்து, இந்த இடம் உனக்கு அந்த இடம் எனக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மக்களிடம் வருவார்கள். ஓட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்வது கட்சித் தலைமையின் கவலை. இங்கே பெரிய கட்சிகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. 2019-ல் பிரெக்ஸிட் கட்சி (ரிஃபார்மின் பழைய பெயர்), டோரிகள் ஏற்கெனவே வைத்திருந்த 317 தொகுதிகளில் ஒருதலையாக ஆளே நிறுத்தாமல் விட்டது போன்றவை அபூர்வம். மற்றபடி எல்லாரும் எல்லா இடத்திலும் நிற்பார்கள். அப்போது, ஒத்த கருத்துள்ள மூன்று பேர் நின்று ஓட்டைப் பிரித்துக்கொண்டு, யாருக்குமே பிடிக்காத நான்காவது ஆள் ஜெயித்துவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை யார் தலையில் விழும்? ஓட்டுப் போடுகிறவர் தலையில்தான். கட்சிகள் கட்ட வேண்டிய கூட்டணியை இங்கே வாக்காளரே, தன் மனதுக்குள், தன் தொகுதிக்கு மட்டும் கட்டிக்கொள்கிறார். 'டாக்டிகல் வோட்டிங்' என்று டிவியில் சொல்வது இதைத்தான்.

இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரே போதும். லெஸ்டரில் மூன்று தொகுதிகள். 2024 ஜூலை 4-ஆம் தேதி நாடு முழுக்க லேபர் அலை அடித்தபோது இந்த மூன்று தொகுதியும் மூன்று விதமாகப் போயின. லெஸ்டர் வெஸ்ட்டில் லேபர் ஜெயித்தது. லெஸ்டர் சவுத்தில், 2019-ல் இருபதாயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றிருந்த லேபரின் ஜொனதன் ஆஷ்வொர்த், காஸா விஷயத்தை முன்வைத்து நின்ற சுயேச்சை ஷாக்கட் ஆடமிடம் 979 ஓட்டில் தோற்றார். லெஸ்டர் ஈஸ்ட் இன்னும் விசேஷம். பல வருடங்கள் லேபர் கோட்டையாக இருந்த இடம். அங்கே லேபரின் அதிகாரபூர்வ வேட்பாளர் ஒருவர், முன்னாள் லேபர் எம்.பி. கிளாடியா வெப் சுயேச்சையாக, அவருக்கும் முன்னால் நீண்ட காலம் லேபர் எம்.பி.யாக இருந்த கீத் வாஸ் தனியாக, கூடவே லிபரல் டெமாக்ரட் கட்சி ஆள் என்று ஆளாளுக்கு நின்றார்கள். டோரி வேட்பாளர் ஷிவானி ராஜா சுமார் 14,500 ஓட்டு, அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல், ஜெயித்துவிட்டார். நாடெங்கும் டோரிகள் அடி வாங்கிய அந்தத் தேர்தலில் அவர்கள் புதிதாகப் பிடித்த ஒரே தொகுதி அதுதான். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை, விதிப்படிதான் ஜெயித்தார், அவருக்கு மனதார ஓட்டுப் போட்டவர்களும் நிறைய. ஆனால் அன்று ஓட்டைப் பிரித்தவர்களில் எத்தனை பேர் இந்த முடிவை எதிர்பார்த்துப் போட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

நாட்டு அளவில் பார்த்தால் கணக்கு இன்னும் விநோதமாகத் தெரியும். 2019-ல் லேபர் வாங்கியது 32.1 சதவீதம், கிடைத்தது 202 இடம், படுதோல்வி என்று எழுதினார்கள். 2024-ல் 33.7 சதவீதம், கிடைத்தது 411 இடம், மாபெரும் வெற்றி. கூடியது ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்! ரிஃபார்ம் 14.3 சதவீதம் வாங்கி 5 இடம் பிடித்தது. அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுக்கு 72 இடம். 2019-ல் அதே கட்சி 11.6 சதவீதம் வாங்கி 11 இடத்தோடு நின்றது. ஓட்டு ஒரு சதவீதம்கூட ஏறவில்லை, ஆனால் இடம் ஆறு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. காரணம் இரண்டு. டோரி ஓட்டை ரிஃபார்ம் பிளந்தது ஒன்று. இன்னொன்று, தெற்கு இங்கிலாந்துப் பக்கம் லேபர் ஆதரவாளர்கள் நிறையப் பேர், 'இங்கே லேபர் ஜெயிக்கப் போவதில்லை, டோரியை வீழ்த்த லிபரல் டெமாக்ரட்டால்தான் முடியும்' என்று கணக்குப் போட்டு ஓட்டை மாற்றினார்கள். வேறு இடங்களில் லிபரல் டெமாக்ரட் ஆட்கள் லேபருக்குத் திருப்பிச் செய்தார்கள். இதற்கு ஒப்பந்தமும் இல்லை, மேடையும் இல்லை.

ஆகவே இந்த ஊர்க்காரர்களில் கணிசமானவர்கள் முடிவெடுப்பது 'எந்தக் கட்சி நல்ல கட்சி' என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதில்லை. 'யார் வரக் கூடாது, அவரை இங்கே தடுக்கக்கூடியவர் யார்' என்பதிலிருந்து தொடங்குகிறது. இதைக் கேட்டதும் என் வகுப்பில் சிலருக்கு முகம் சுருங்கும், அரசியலை இப்படியா அணுகுவது என்பார்கள். எனக்கு அதில் கேவலம் எதுவும் தெரியவில்லை. முறை அப்படி இருக்கிறது. மாற்றலாமா என்று 2011-ல் பொதுவாக்கெடுப்பே வைத்தார்கள், வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தும் முறை வேண்டுமா என்று. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. தேர்தல் நெருங்கினால் கதவிடுக்கு வழியாக நோட்டீஸ் வந்து விழும். அதில் ஒரு பார் சார்ட் இருக்கும், இரண்டு தூண் உயரமாக, மூன்றாவது தூண் எறும்பு மாதிரி, 'இங்கே அவர்களால் ஜெயிக்கவே முடியாது' என்ற வாசகத்தோடு. லிபரல் டெமாக்ரட்டுகள் இதில் பேர் போனவர்கள், ஆனால் எல்லாக் கட்சியும் செய்கிறது. எந்தத் தேர்தலின் எண்ணிக்கை அது என்று கீழே பொடி எழுத்தில் பாருங்கள். சில சமயம் கவுன்சில் தேர்தல் எண்ணாக இருக்கும், சில சமயம் பக்கத்துத் தொகுதி, சில சமயம் தூணின் உயரத்துக்கும் எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. போன பொதுத்தேர்தலில் உங்கள் தொகுதி முடிவு என்ன என்பதை பிபிசி தளத்தில் தபால் குறியீட்டைத் தட்டி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இருவருக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம், மூன்றாவது ஆள் எவ்வளவு பின்னால், அது போதும்.

'ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது' என்று வீட்டுக்காரர் கேட்டால்: 2024-ல் வடக்கு லண்டன் ஹெண்டனில் லேபர் ஜெயித்தது 15 ஓட்டில். 2017-ல் ஸ்காட்லாந்தின் நார்த் ஈஸ்ட் ஃபைஃபில் 2 ஓட்டு. 2025 மே மாதம் ரன்கார்ன் இடைத்தேர்தலில் ரிஃபார்ம் லேபரை வீழ்த்தியது 6 ஓட்டில். பாதுகாப்பான தொகுதி என்பதும் நிரந்தரம் இல்லை. முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ்ஸுக்கு சவுத் வெஸ்ட் நார்ஃபோக்கில் 2019-ல் 26 ஆயிரத்துக்கு மேல் முன்னிலை. 2024-ல் ரிஃபார்மும் ஒரு சுயேச்சையும் ஓட்டைப் பிரிக்க, 630 ஓட்டில் லேபரிடம் தோற்றார். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: யார் நின்றாலும் ஒரே கட்சிதான் என்கிற தொகுதிகளும் உண்டு. உங்களுடையது அப்படி என்றால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, மனசுக்குப் பிடித்த கட்சிக்கே போட்டுவிடலாம், அது சின்னக் கட்சியாக இருந்தாலும்.

இப்போது உங்கள் இன்னொரு கேள்வி, ஊர்க்காரர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்பது. முன்பெல்லாம் பதில் சுலபம். அப்பா சுரங்கத்திலோ ஆலையிலோ வேலை பார்த்தால் வீடே லேபர்; அப்பா வங்கி மேலாளர், சொந்த வீடு என்றால் டோரி. கட்சியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, குடும்பப் பெயரோடு சேர்ந்து வந்தது. அந்த முடிச்சு மெல்ல மெல்லத் தளர்ந்து, 2019-ல் அறுந்தே போனது மாதிரி ஆயிற்று. டார்பிஷயரின் சுரங்கப் பகுதியான போல்சோவரில் 1970 முதல் எம்.பி.யாக இருந்தவர் டென்னிஸ் ஸ்கின்னர், அவரே சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். அந்தத் தேர்தலில் டோரியிடம் தோற்றார். டோனி பிளேர் எம்.பி.யாக இருந்த செட்ஜ்ஃபீல்டும் போனது. பிரெக்ஸிட்டை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதை, முடித்துவைப்போம் என்ற ஒற்றை வாக்குறுதி தலைமுறைப் பழக்கத்தைத் தாண்டிவிட்டது. ஐந்து வருடத்தில் போல்சோவர் மறுபடி லேபருக்குத் திரும்பியதும் நடந்தது. இப்போது ஒருவர் எந்தக் கட்சி என்று ஊகிக்க வேண்டுமானால் தொழிலைவிட வயதும் பட்டப்படிப்பும்தான் துப்புக் கொடுக்கும். யூகவ் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புப்படி 2019-ல் 39 வயதைத் தாண்டினாலே லேபரைவிட டோரிக்குப் போடும் வாய்ப்பு அதிகம். 2024-ல் அந்த எல்லை 63 வயதுக்கு நகர்ந்துவிட்டது.

குடும்பப் பழக்கம் போனதும் அதன் இடத்துக்கு வந்தது, இவர்களுக்கு நாட்டை நடத்தத் தெரியுமா என்ற சந்தேகம். கொள்கை விளக்கத்தை யாரும் அவ்வளவாகப் படிப்பதில்லை. ஆஸ்பத்திரி காத்திருப்பு, வீட்டுக்கடன் வட்டி, கரண்ட் பில், இவைதான் பேசும். 2022 செப்டம்பரில் டிரஸ் அரசு பணத்துக்கு வழி சொல்லாமல் பெரிய வரிக்குறைப்பை அறிவித்ததும் சந்தை ஆடிப்போய் வீட்டுக்கடன் வட்டி ஏறியது. அவர் 49 நாளில் பதவியை விட்டுப் போனார், ஆனால் பணவிஷயத்தில் டோரிகள் கெட்டிக்காரர்கள் என்ற பெயரும் அவரோடு போய்விட்டது. உங்கள் வார்டிலேயே கேட்டுப் பாருங்கள், அந்தச் சமயத்தில் கடனைப் புதுப்பிக்க நேர்ந்தவர்கள் தேதி முதற்கொண்டு சொல்வார்கள்.

வாக்குத் தவறினாலும் இங்கே மறப்பதில்லை. 2010-ல் லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் டிவி விவாதங்களில் கொடிகட்டிப் பறந்தார், கல்லூரிக் கட்டண உயர்வை எதிர்த்து ஓட்டுப் போடுவோம் என்று அவர் கட்சி வேட்பாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஆட்சிக் கூட்டணிக்குள் போனதும் கட்டணம் 9,000 பவுண்ட் வரை உயர அவர்களே துணைபோனார்கள். அடுத்த தேர்தலில் 57 இடம் 8 ஆனது. பத்திரிகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1992-ல் டோரி ஜெயித்ததும் ஜெயிக்க வைத்ததே நாங்கள்தான் என்று சன் பத்திரிகை முதல் பக்கத்தில் மார்தட்டியது. அதே பத்திரிகை 2024-ல் லேபரை ஆதரித்தது, அதுவும் தேர்தலுக்கு முந்தைய நாள். ஓடும் பஸ் எது என்று பார்த்து ஏறிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

உங்களோடு வேலை பார்க்கும் அந்த வெள்ளைக்காரப் பெண் விஷயம். மனசு சரியில்லாமல் போனது நியாயம்தான், அதைச் சின்ன விஷயம் என்று தள்ள மாட்டேன். ரிஃபார்ம் 2025 செப்டம்பரில் அறிவித்த திட்டம், நிரந்தரமாகத் தங்கும் அனுமதி என்ற ஐ.எல்.ஆரையே ஒழித்துவிட்டு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விசாவாக்கிவிடுவது. அது உங்களைப் போன்றவர்கள் தலையில் நேராக விழுகிற விஷயம். ஆனால் அவளுக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். நான் பார்த்தவரை, ரிஃபார்முக்குப் போடுகிறவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: கவுன்சில் தரும் குறைந்த வாடகை வீட்டுக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது, இரண்டு பெரிய கட்சியும் ஏமாற்றிவிட்டது, இனி இவனையும் பார்த்துவிடலாம். குடியேற்றம் என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது இங்கிலீஷ் சேனல் கடலைத் தாண்டிப் படகில் வருகிறவர்கள். பக்கத்தில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிற நீங்கள் அந்தப் படத்தில் இல்லை. வேறு சிலருக்கு நீங்களும் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை. டீ இடைவேளையில் சாதாரணமாகக் கேளுங்கள், "இந்தத் திட்டம் வந்தால் என் கதி என்ன ஆகும் தெரியுமா" என்று. அவள் ஓட்டு மாறுகிறதோ இல்லையோ, அவள் மனதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சபை அண்ணன் லேபர்தான் நம் ஆட்களுக்கு என்கிறாரே, அது ஒரு காலத்து நியாயம். இன நல்லிணக்கச் சட்டங்களைக் கொண்டுவந்தது அறுபதுகள், எழுபதுகளின் லேபர் அரசுகள். அப்போது வந்த குடும்பங்களுக்கு அந்த நன்றி இன்றும் உண்டு. ஆனால் கடைக்காரர் வரி, வியாபாரம், திருட்டு பயம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பார்க்கிறார், அப்படிப் பார்த்து டோரிக்குப் போகிற இந்திய வம்சாவளியினர் வெகு காலமாகவே இருக்கிறார்கள். ரிஷி சுனக் பிரதமரானதும் அந்தக் கட்சியில்தான், உமா குமரன் 2024-ல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் முதல் தமிழ்ப் பெண் எம்.பி.யாக வந்தது லேபரில். விசா விஷயத்தில் மட்டும் பார்த்தாலும் யார் நண்பர் என்று சொல்வது கஷ்டம்: கேர் வொர்க்கர்கள் குடும்பத்தை அழைத்து வர முடியாது என்று 2024 மார்ச்சில் தடை போட்டது டோரி அரசு, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வொர்க்கர்களை எடுப்பதையே நிறுத்தியது லேபர் அரசு. நிரந்தர அனுமதிக்கான ஐந்து வருடத்தைப் பொதுவாகப் பத்தாக்குவோம் என்று 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் சொன்னதும் லேபர்தான். யாருக்கு எத்தனை வருடம் என்ற விவரம் மாறிக்கொண்டே இருக்கிறது, அதை வாட்ஸப்பில் பார்க்காமல் அரசுத் தளத்தில் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் எப்படி முடிவெடுப்பது. உங்களை உண்மையிலேயே தூங்க விடாத விஷயம் எது என்று முதலில் பாருங்கள், ஒன்றோ இரண்டோ போதும். விசாவா, சம்பளமா, பிள்ளைக்குப் பள்ளியா, காஸாவா, வாடகையா. எல்லாவற்றையும் எடைபோட உட்கார்ந்தால் முடிவே வராது. கட்சிகளின் தேர்தல் அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், நூறு பக்கத்தைப் படிக்க வேண்டாம், 'நர்ஸ்', 'விசா' என்று அந்தச் சொல்லைத் தேடி அந்தப் பத்தியை மட்டும் படியுங்கள். படிக்கும்போது, செய்வோம் என்று எழுதியிருக்கிறதா அல்லது ஆராய்வோம், முயல்வோம் என்று எழுதியிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள், அதில்தான் சூட்சுமம். பிறகு தொகுதிக் கணக்கு, மேலே சொன்னபடி. உங்களுக்குப் பிடித்தவர் முதல் இரண்டு இடத்தில் இருந்தால் யோசனையே வேண்டாம். இல்லையென்றால், முதல் இருவரில் யார் வந்தால் உங்களால் பொறுத்துக்கொள்ளவே முடியாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் ஒன்றுதான் என்று தோன்றினால் தாராளமாக மூன்றாமவருக்குப் போடுங்கள், அது வீண் ஓட்டு என்று யார் சொன்னாலும் காதில் வாங்க வேண்டாம்.

வேட்பாளர் ஆளையும் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கே எம்.பி.யிடம் நேரில் போய்க் குறை சொல்ல 'சர்ஜரி' என்று ஒன்று நடக்கும், உங்கள் ஆஸ்பத்திரி சர்ஜரி இல்லை, பயப்படாதீர்கள்! விசா விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தால் உள்துறைக்கு எழுதிக் கேட்க வேண்டியவர் அவர்தான், நீங்கள் அவருக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. இப்போதைய எம்.பி. கடிதம் எழுதினால் பதில் போடுகிறவரா என்று வார்டில் விசாரித்தாலே தெரிந்துவிடும்.

கட்சிக்காரர்கள் கதவைத் தட்டி "உங்கள் ஆதரவை நம்பலாமா" என்று கேட்பார்கள். விவாதம் செய்ய வருவதில்லை, குறித்துக்கொள்ள வருகிறார்கள். இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்லிவிடலாம், எதுவுமே சொல்லாமலும் இருக்கலாம். ஓட்டுச்சாவடி வாசலில் ரிப்பன் குத்திக்கொண்டு ஒருவர் உங்கள் எண்ணைக் கேட்டால் அவரும் கட்சி ஆள்தான், சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. யாருக்குப் போட்டீர்கள் என்பது 1872-லிருந்தே ரகசியம், வீட்டுக்காரருக்கும் சபை அண்ணனுக்கும் சேர்த்துத்தான். போட்டீர்களா இல்லையா என்பது மட்டும் ரகசியமில்லை, பட்டியலில் கோடு விழும், அந்தப் பட்டியலைக் கட்சிகள் பிறகு வாங்கிப் பார்க்க முடியும். யாருமே பிடிக்கவில்லை என்றால் நம் ஊர் நோட்டா மாதிரி பட்டன் இங்கே இல்லை. சீட்டைக் கெடுத்துப் போடலாம், செல்லாத ஓட்டு என்று எண்ணிச் சொல்வார்கள், அவ்வளவுதான் அதன் பயன்.

அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் நடந்தாக வேண்டும், எந்த நாள் என்பது பிரதமர் கையில், ஆகவே திடீரென்றும் வரலாம். பெயரை இப்போதே சேர்த்துவிடுங்கள், வீடு மாறினால் மறுபடி சேர்க்க வேண்டும். சாவடி காலை 7 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். உங்கள் நீண்ட ஷிஃப்டுக்கு அதுவும் இடிக்கலாம், அதனால் தபால் ஓட்டுக்கு முன்கூட்டியே எழுதிப்போடுவது உத்தமம். நேரில் போவதென்றால் புகைப்பட அடையாளம் கட்டாயம். ஆஸ்பத்திரி ஐடி கார்டு செல்லாது, இந்திய பாஸ்போர்ட் செல்லும். தேர்தல் சமயத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்து, டிரைவிங் லைசென்ஸும் இல்லையென்றால், 'வோட்டர் அத்தாரிட்டி சர்டிஃபிகேட்' என்று இலவசமாக ஒன்று தருவார்கள், ஓட்டு நாளுக்கு ஆறு வேலை நாள் முன்னால் மாலை 5 மணிக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும்.